மீட்டர் சொல்லும் சாட்சியம்

ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலை முடிந்து வீடு திரும்பும் ஸ்திரீகளுக்கு எந்தத் தொடர் பிடிக்கும் என்று எவரும் அவர்களைக் கேட்பதில்லை. ஆயினும் அவர்கள் ருசி இன்னதென்று வாரந்தோறும் தீர்ப்பாகிறது. தீர்ப்புச் சொல்வது 2015 முதல் டெலிவிஷன் பார்ப்போரைக் கணக்கிட்டு வரும் ‘பார்க்’ ஸ்தாபனம். 2020-இல் அதன் மீட்டர்கள் இருந்தவை சுமார் 44,000 வீடுகளே. தேசத்தில் டெலிவிஷன் உள்ள வீடுகளோ சுமார் 21 கோடி. ஒரு வீடு ஏறக்குறைய 4,700 வீடுகளுக்காகப் பேசியது!

மாதிரி எடுத்துக் கணிப்பதை நாம் ஆக்ஷேபிக்கவில்லை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் தாய்மார் அறிந்ததே. ஆனால் பானைச் சோற்றுக்கு யாரும் லஞ்சம் கொடுப்பதில்லை. மீட்டர் வீட்டாருக்குப் பணம் கொடுத்துச் சில சேனல்களை ஓடவிடச் செய்ததாக 2020 அக்டோபரில் மும்பைப் போலீஸார் குற்றஞ்சாட்டினர். அதற்குத் துணையாய்க் கிடைத்தது பழைய 420-ஆம் பிரிவு முதலியனவே. செய்திச் சேனல்களின் கணக்கு 2022 மார்ச் வரை நின்றது. 2024-இல் வழக்கை வாபஸ் பெறக் கோர்ட் அனுமதித்தது; விசாரணை நடவாமலே விஷயம் முடிந்தது.

விளம்பரப் பணமோ இன்றும் இந்த எண்களின் பின்னேயே செல்கிறது. மீட்டர்களைப் பன்மடங்கு பெருக்கவும், மீட்டர் வீட்டாரைக் கலைப்போரைத் தண்டிக்கத் தனிச் சட்டம் இயற்றவும் சர்க்கார் முன்வர வேண்டும்.