வற்றம் பார்த்து இறங்கும் பறவைகள்

கரையோரப் பறவைகளின் இரைநேரத்தைப் பெரும்பாலும் கடல்தான் வகுக்கிறது. பொழுது விடிவதும் சாய்வதும் அவற்றுக்கு இரண்டாம்பட்சம். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம் ஆகும். அதனால் இன்று காலை 6 மணிக்கு வற்றிய நீர் நாளை ஏறத்தாழ 50 நிமிடம் தாமதித்தே வற்றும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் கூடுதலாக ஏறி, கூடுதலாக வற்றும். கடற்கரையில் ஓரிரு நாள் தங்கிப் பறவை பார்ப்பவர்கள் இந்தக் கணக்கை வைத்து நடந்தால் பாதி வேலை முடிந்தது.

நாகப்பட்டினம் மாவட்டத்தின் தென்கோடியில் உள்ள கோடியக்கரை இதற்குத் தோதான இடம். 1967-இல் அது சரணாலயம் ஆனது. வேதாரண்யம் சதுப்பையும் சேர்த்து 2002-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. இங்கே கடல் ஏறி இறங்கும் உயரம் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆனால் சதுப்பு மிகத் தட்டையானது. ஒரு சாண் நீர் குறைந்தாலே பரந்த சேறு வெளிப்படும். காற்றுத் திசை மாறினாலும் நீர் ஒதுங்கும்.

சேற்றில் இறங்கிய கூட்டம் முதல் பார்வைக்குச் சாம்பலும் பழுப்புமாக ஒன்றுபோலவே தெரியும். இறகு நிறத்தை விட்டுவிட்டு அலகையும் நடையையும் கவனித்தால் இனங்கள் பிரிந்து தெரியத் தொடங்கும். உப்புக்கொத்திக்குக் குட்டை அலகு, பெரிய கண். சில அடி ஓடும், சட்டென்று நிற்கும், சேற்றின்மேல் அசைவதைக் கண்டு கொத்தும். சுமார் 25 கிராம் எடையுள்ள கொசு உள்ளான் தையல் இயந்திரத்தின் ஊசிபோல ஓயாமல் குத்திக்கொண்டே நகரும். ஆர்க்டிக் சைபீரியாவில் குஞ்சு பொரித்துவிட்டு இத்தனை தூரம் வருவது இந்தச் சிற்றுயிர்தான்!

மூக்கன் கண் வரை அலகைச் சேற்றில் புதைக்கும். ஆழத்தில் இருக்கும் புழு அதற்குத் தெரிவது எப்படி? அலகு நுனி எலும்பில் நுண்குழிகள் நிறைந்துள்ளன. அவற்றில் அழுத்தத்தையும் அதிர்வையும் உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. இறுகிய சேற்றுக்குள் முழு அலகையும் திறப்பது கடினம். மூக்கன் மேலலகின் நுனியை மட்டும் வளைத்துத் திறந்து இரையைப் பற்றிவிடும். பெரிய கோட்டானின் வளைந்த அலகு நண்டு வளைக்குள் நுழைகிறது. பிடித்த நண்டைப் பலமுறை உதறிக் கால்களை உதிர்த்த பிறகே விழுங்கும். பெட்டைக்கு அலகு நீளம் என்பதால் ஆணும் பெண்ணும் வெவ்வேறு ஆழங்களில் இரை தேடலாம்.

நீர் ஏறத் தொடங்கியதும் பறவைகள் மணல்திட்டுகளுக்கும் உப்பளங்களின் வரப்புகளுக்கும் ஒதுங்கும். காற்றை எதிர்நோக்கி, ஒற்றைக்காலில் நின்று உறங்கும். அருகில் பார்க்க ஏற்ற வேளை இதற்குச் சற்று முன்னால்தான். ஏறும் நீர் அவற்றைக் கரைப்பக்கம் தள்ளிக்கொண்டு வரும்; ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் அவையே நெருங்கும். துரத்திப் போகிறவர் முதுகைத்தான் பார்ப்பார்.

வற்றம் இரவில் வந்தாலும் இரை தேடல் நிற்பதில்லை. தொட்டுணர்ந்து தேடும் இனங்களுக்கு இருட்டு பெரிய தடையல்ல. உப்புக்கொத்திகளுக்கு நிலவொளி உதவும்.

ஆகஸ்ட், செப்டம்பரில் வரத் தொடங்கும் இவை மார்ச், ஏப்ரலில் திரும்புகின்றன. பயணத்துக்குமுன் உடலில் கொழுப்பைச் சேர்த்தாக வேண்டும். சில இனங்களின் எடை ஒன்றரை மடங்கைத் தாண்டும். அந்தக் கொழுப்பே எரிபொருள். 2022-இல் பட்டைவால் மூக்கன் ஒன்று, பிறந்து 5 மாதமே ஆன நிலையில், அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை 11 நாளில் எங்கும் இறங்காமல் பறந்தது. இப்படிச் சேமிக்கும் பறவையை ஒரு படத்துக்காகத் திரும்பத் திரும்பக் கிளப்பிவிடுவது பெரிய கேடு. இரை தேடுவதை நிறுத்தி அது தலையை உயர்த்தினாலே போதிய எச்சரிக்கை. அங்கேயே நின்றுவிட வேண்டும். தலையை மேலும் கீழும் ஆட்டி விலகி நடக்கத் தொடங்கினால் சில அடி பின்வாங்குவதே சரி.