கூத்துச் செட்டுக்குச் சேர வேண்டியது

சேலம், நாமக்கல் சமவெளியில் தெருக்கூத்துக்காரர்களின் பிழைப்பு தை மாதம் தொடங்கி ஆடி வரைக்கும்தான். மாரியம்மன் நோம்பி, திரௌபதியம்மன் நோம்பி என்று ஊர் ஊராகத் திருவிழாக்களுக்கு அழைப்பு வரும் அந்த ஏழு மாதங்களில் விடிய விடிய ஆடிச் சேர்த்ததை வைத்துத்தான் மழைக்காலத்தையும் ஓட்டியாக வேண்டும். ஓடாத வீடுகளில் கூலி வேலைக்குப் போகிறார்கள்.

கூத்து விடும் ஊர் பேசிய தொகையைச் செட்டு எனப்படும் கூத்துக் குழுவின் வாத்தியாரிடம் கொடுக்கிறது. வேஷம் கட்டுபவர், மிருதங்கக்காரர், முகவீணைக்காரர், ஆர்மோனியக்காரர் என்று எல்லோருக்கும் அது பங்காகிறது. இதற்கு மேலே மொய் உண்டு. பாட்டோ அடவோ மனசுக்குப் பிடித்துவிட்டால் பார்ப்பவர் எழுந்து போய்ப் பணம் கொடுப்பார். கோமாளி அவர் பெயரையும் ஊரையும் சொல்லி வாழ்த்துவார். பாராட்டும் உதவியும் ஒரே கையிலிருந்து, ஊரார் கண்ணெதிரே வந்து சேரும் ஏற்பாடு இது. 'கூத்தாடி' என்ற சொல்லை வசவாக்கி வைத்திருக்கும் சமூகத்தில் இந்த மரியாதையைச் சிறிதென்று தள்ளிவிட முடியாது.

இந்த வழக்கத்தின் தொடர்ச்சியாகவே மேட்டூர் வட்டம் ஏர்வாடியில் நடந்த மக்கள் கலை இலக்கிய விழாக்களைப் பார்க்க வேண்டும். 'மணல்வீடு' சிற்றிதழின் ஆசிரியரும் சிறுகதை எழுத்தாளருமான மு. ஹரிகிருஷ்ணன் களரி என்ற அமைப்பின் வழியாக இவற்றை முன்னின்று நடத்தினார். தெருக்கூத்து, பொம்மலாட்டம், தோல்பாவைக்கூத்து ஆகியவற்றில் மூத்த கலைஞர்களுக்கு மேடையில் மரியாதை செய்யப்பட்டது. சென்னையில் ஏதோ ஓர் அரங்கத்துக்கு வரவழைத்துச் சால்வை போர்த்தி அனுப்பாமல், கலைஞரின் சொந்தச் சனங்கள் கூடும் இடத்தில் வெளியூர் எழுத்தாளர்களையும் வாசகர்களையும் உட்கார வைத்ததுதான் இதன் சிறப்பு.

அரசு தரப்பில் மாவட்டக் கலை மன்றங்கள் வயது வாரியாகக் கலை இளமணி, கலை வளர்மணி, கலைச் சுடர்மணி, கலை நன்மணி, கலை முதுமணி என ஐந்து விருதுகளைப் பணத்தோடு வழங்குகின்றன. நலிந்த மூத்த கலைஞர்களுக்கு இயல் இசை நாடக மன்றம் வழியாக மாத உதவித்தொகை கிடைக்கிறது. குடும்பத்துக்கு அதிகம் பயன்படுவது 2007இல் அமைந்த நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம். பிள்ளைகளின் படிப்பு, திருமணம், விபத்து, இறப்பு ஆகியவற்றுக்கு அங்கே உதவி உண்டு. ஆனால் பெயர் பதிந்திருக்க வேண்டும்.

பதிவு எவ்வளவு முக்கியம் என்பது 2020இல் தெரிந்தது. பங்குனியில் கொரோனா ஊரடங்கு வந்து நோம்பிகள் நின்றன. அடுத்த ஆண்டு மே மாதத்திலும் அப்படியே. சம்பாதிக்கும் மாதங்கள் இரண்டு ஆண்டுகள் அடுத்தடுத்துப் பறிபோயின. வாரிய உறுப்பினர்களுக்கு அரசு நிவாரணம் வழங்கியது. பதியாதவர்களில் பலர் தனியார் கொடுத்த அரிசி, மளிகையை நம்பியிருந்தார்கள்.

ஆகவே உதவ நினைப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது, வாரிய அட்டை இருக்கிறதா என்பதை. இல்லையென்றால் விண்ணப்பம் எழுதித் தந்து, அலுவலகத்துக்கு உடன் போவதே ஒரு மூட்டை அரிசியைவிடப் பெரிய தருமம். ஊர்களும் ஒன்று செய்யலாம். தை, மாசி நோம்பிக்குக் கூத்து விடப்போகிறவர்கள் அச்சாரத்தை ஐப்பசி, கார்த்திகையிலேயே கொடுத்துவிட வேண்டும். செட்டுக்காரர் வீட்டில் காசு இல்லாத மாதங்கள் அவைதாம்.