நாற்பது நாள் நோன்பும் ஒரு பந்தியும்

நாஞ்சில் நாடு என்றவுடன் நம்மவர்களுக்கு நெல்வயல்களும், சுசீந்திரத்துக் கோபுரமும், குமரித்துறையில் கூடும் கடல்களும் நினைவுக்கு வரும். ஆனால், மாசி பங்குனி மாதங்களில் இந்த ஜில்லாவின் வீடுகளில் ஏறக்குறையச் சரிபாதியில் ஒரு நோன்புக் காலம் நடைபெறுவதை எண்ணிப் பார்ப்பவர்கள் சிலரே. 2011-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்குப்படி கன்னியாகுமரி ஜில்லாவில் நூற்றுக்கு ஏறக்குறைய 47 பேர் கிறிஸ்தவர்கள். அடுத்த வீட்டு நோன்பைப் பற்றி நமக்குத் தெரிந்ததோ, அந்த நாட்களில் அங்கே கல்யாணம் நடக்காது, இறைச்சி வாங்க மாட்டார்கள் என்ற அளவுதான். அதற்கு அப்பாலும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் உண்டு. அவற்றில் சில கிறிஸ்தவர்களுக்கு மட்டுமல்ல, நம் எல்லோருக்குமே உரியவை.

கத்தோலிக்கர்கள் இதைத் தவக்காலம் என்கிறார்கள். சீர்திருத்த சபையார் லெந்து காலம் என்கிறார்கள். 'லெந்து' என்பது வசந்த காலத்தைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல். புதன்கிழமையன்று தொடங்கி ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமையோடு முடியும் இக்காலத்தில் மொத்தம் 46 நாட்கள் உண்டு. இடையில் வரும் ஞாயிற்றுக்கிழமைகள் ஆறும் ஆண்டவர் உயிர்த்தெழுந்த நாளின் நினைவானபடியால் நோன்புக் கணக்கில் சேரா. மீதி நாற்பது. ஈஸ்டர் பண்டிகையின் தேதியோ சந்திரனைப் பின்பற்றியது. மார்ச் 21-ஆம் தேதியிலோ அதற்குப் பின்னரோ வரும் முதற் பௌர்ணமியை அடுத்த ஞாயிறே ஈஸ்டர். பங்குனி உத்திரத்துக்கும் பெரிய வெள்ளிக்கும் சில வருஷங்களில் இரண்டொரு நாட்களே இடைவெளி இருப்பதன் காரணம் இதுதான்.

சாம்பலும் குருத்தோலையும்

தொடக்க நாளைக் கத்தோலிக்கர்கள் விபூதிப் புதன் என்று முன்பு வழங்கினார்கள். இப்போது திருநீற்றுப் புதன் என்கிறார்கள். குருவானவர் ஒவ்வொருவர் நெற்றியிலும் சாம்பலால் சிலுவை இடுகிறார். அந்தச் சாம்பல் எதன் சாம்பல் என்பது கவனிக்கத்தக்கது. சென்ற வருஷம் குருத்தோலை ஞாயிறன்று பவனியில் ஏந்திச் சென்ற ஓலைகளை வீடுகளில் சிலுவைக்கும் படங்களுக்கும் அருகே செருகி வைத்திருப்பார்கள். அவை காய்ந்து சருகான பின் திரட்டி எரித்து எடுத்ததே அது. சென்ற வருஷத்து வெற்றி முழக்கம் இந்த வருஷத்து மனஸ்தாபத்துக்குச் சாம்பலாகிறது.

ருஷ்யாவிலும் போலந்திலும் பனை இனத்து மரங்கள் கிடையா. அங்கே குருத்தோலை ஞாயிறன்று ஜனங்கள் ஆற்றங்கரையில் வளரும் வேறொரு மரத்தின் கிளைகளை ஏந்துகிறார்கள். நம் ஊரிலோ ஓலைக்குப் பஞ்சமில்லை. தென்னங்குருத்தும் பனங்குருத்தும் கொல்லையிலேயே கிடைக்கின்றன. குழந்தைகள் அதைக் கிழித்து மடித்துச் சிலுவை செய்வார்கள், கிளி செய்வார்கள், பெரியவர்கள் பார்க்காதபோது ஊதலும் செய்வார்கள்.

பனையைப் பற்றிப் பேசும்போது பனையேறியை மறக்கலாகாது. இந்த ஜில்லாவின் பழைய சபைகளில் பலவற்றை நிலைநிறுத்தியவர்களில் பனையேறிகள் மிகுதி. லெந்து காலம் வருவதும் அவர்கள் உடல் நோக உழைக்கும் பருவத்தில்தான். பதனீரை இங்கே அக்கானி என்பார்கள். அக்கானி இறங்கும் மாதங்களில் காலையும் மாலையும் மரம் ஏறியாக வேண்டும். ஒரு நாள் விட்டாலும் பாளை கெட்டுவிடும். அப்படிப்பட்டவனைப் பார்த்து, 'நீ பட்டினி கிட' என்று எந்தப் போதகரும் சொல்லத் துணியமாட்டார். உழைப்பவனுடைய நோன்பு வேறு வழியில் நடைபெற வேண்டியிருந்தது.

பிடி அரிசி

அந்த வழியைக் கண்டவர்கள் பெண்கள். தென்னாட்டுச் சபைகளில் பிடி அரிசி என்று ஒரு வழக்கம் நெடுங்காலமாக உண்டு. உலையில் அரிசி இடுமுன் வீட்டுக்காரி அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவிடுவாள். வாரக் கடைசியில் கலயத்து அரிசி கோவிலுக்குப் போகும். ஏலம் போட்ட பணமோ அரிசியோ உபதேசியார் சம்பளத்துக்கும், விதவைகளுக்கும், கட்டடச் செலவுக்கும் உதவும்.

ஒரு பிடி அரிசியால் வீட்டில் யாரும் பட்டினி கிடப்பதில்லை. ஆனால், எல்லோர் வயிற்றிலும் ஒரு கவளம் குறைகிறது. அந்தக் குறை அன்றைக்கே வேறொருவர் வீட்டு நிறைவாக மாறுகிறது. கையில் காசில்லாத ஏழைப் பெண் காணிக்கைத் தட்டைப் பார்த்து வெட்கப்படாமல் இருப்பதற்கும் இதுவே வழி. அயல்நாட்டுப் பணத்தில் நடந்துவந்த சபைகள் தம் சொந்தக் காலில் நிற்கப் பழகியதில் இந்தக் கலயத்துக்குப் பெரும் பங்கு உண்டு. சுதேசியத்தைப் பற்றி மேடையில் பேசுகிற நாம் அடுப்பங்கரையில் நடந்த இந்தச் சுதேசியத்தையும் அறிந்திருக்க வேண்டும்.

சபை என்ற சொல்

கிறிஸ்தவர்கள் தங்கள் கூட்டத்தைச் சபை என்கிறார்கள், கூடுகிறவர்கள் சபையார். இந்தச் சொல்லின் அருமையை உணர வேண்டுமானால் பழைய திருவிதாங்கூரை நினைத்துப் பார்க்க வேண்டும். 1936-ஆம் வருஷம் நவம்பர் 12-ஆம் தேதி ஆலயப் பிரவேசப் பிரகடனம் வரும் வரையில், அந்த ராஜ்யத்தின் ஜனங்களில் பெரும் பகுதியினர் கோவிலுக்குள் காலடி வைக்க முடியாது. அப்படிப்பட்ட காலத்தில், சாம்பவர் குலத்தில் பிறந்த மயிலாடி மகாராசன் தஞ்சாவூர் சென்று ஞானஸ்நானம் பெற்று, வேதமாணிக்கம் என்ற பெயருடன் ஊர் திரும்பினார். அவர் அழைப்பின்மேல் லண்டன் மிஷனைச் சேர்ந்த ரிங்கல்தௌபே பாதிரியார் 1806-இல் திருவிதாங்கூருக்குள் வந்தார். 1809-இல் மயிலாடியில் ஆலயம் எழுந்தது. 1816-இல் உடல்நலம் குன்றி அவர் விடைபெற்றபோது பொறுப்பை வேதமாணிக்கத்திடமே விட்டுச் சென்றார். 1818-இல் மீட் பாதிரியார் வரும் வரை சபையைக் காத்தவர் அந்தத் தமிழர்தான்.

கூடி உட்காரும் உரிமைக்குப் பிறகு உடுத்தும் உரிமைக்கும் போராட வேண்டியிருந்தது. தாழ்த்தப்பட்ட குலத்துப் பெண்கள் மார்பை மறைக்கலாகாது என்ற கொடுமையை எதிர்த்து 1822 முதல் கிளர்ச்சிகள் எழுந்தன. சந்தைகளில் பெண்களின் ஆடை கிழிக்கப்பட்டது, ஜெபவீடுகள் எரிக்கப்பட்டன. 1859-ஆம் வருஷம் ஜூலை 26-ஆம் தேதிப் பிரகடனம் நாடார் குலப் பெண்கள் மார்பை மறைக்க அனுமதித்தது. மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையும் அதில் இருந்தது. இன்று ஈஸ்டர் விடியற்காலையில் வெள்ளைச் சேலை உடுத்து, முக்காடிட்டு, கூட்டங் கூட்டமாகக் கோவிலுக்குச் செல்லும் பெண்களைப் பார்ப்பவர்கள் இந்தச் சரித்திரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இதில் ஒரு விந்தையும் உண்டு. லண்டன் மிஷன் சார்ந்திருந்த காங்கிரிகேஷனல் மரபில் லெந்து காலத்துக்குப் பெரிய இடம் இல்லை. விசேஷ நாட்களை வேதத்தில் காணோம் என்று ஒதுக்கிய மரபு அது. பின்னர் 1947-ஆம் வருஷம் செப்டம்பர் 27-ஆம் தேதி சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உதயமாயிற்று. நம் நாடு சுதந்திரம் பெற்று ஆறு வாரங்கள்தாம் ஆகியிருந்தன. ஆங்கிலிக்கர், மெதடிஸ்டுகள், காங்கிரிகேஷனல் மரபினர் முதலியோர் ஒரே சபையானார்கள். ஒருவர் மரபு மற்றவருக்கும் சொந்தமாயிற்று. லெந்து காலம் நாஞ்சில் நாட்டுச் சபைகளில் வேரூன்ற இந்த ஐக்கியம் பெருந்துணை செய்தது.

பெரிய வியாழனும் பெரிய வெள்ளியும்

நோன்பின் கடைசி வாரமே உச்சம். பெரிய வியாழன் மாலை, கத்தோலிக்கக் கோவில்களில் குருவானவர் பன்னிரண்டு பேருடைய பாதங்களைக் கழுவித் துடைக்கிறார். இந்தச் சடங்கில் பெண்களையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று 2016-இல் ரோமாபுரியிலிருந்து ஆணை வந்தது.

பெரிய வெள்ளியன்று சீர்திருத்த சபைகளில் பகல் 12 மணி முதல் 3 மணி வரை மும்மணி ஆராதனை. சிலுவையில் இயேசு மொழிந்த ஏழு வார்த்தைகளின்மேல் ஒன்றன்பின் ஒன்றாக ஏழு தியானங்கள், நடுவே கீர்த்தனைகள். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று நம் சங்கீத முறையில் அமைந்தவை அவை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் போன்ற தமிழ்ப் புலவர்கள் வளர்த்த செல்வம் அது. இந்த மும்மணி ஆராதனையின் பிறப்பிடமோ தென் அமெரிக்காவின் லீமா நகரம். 1687-இல் அங்கே நேர்ந்த பூகம்பத்தை ஒட்டி ஒரு ஜேஸு சபைத் துறவி ஏற்படுத்தியது இது. கத்தோலிக்கத் துறவி வகுத்த வழிபாட்டை நாகர்கோவில் சீர்திருத்த சபையார் தம்முடையதாகவே கொண்டுவிட்டார்கள்.

சிலுவைக் கீதத்துக்கும் நம் தேசிய சரித்திரத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1924-இல் ஹிந்து முஸ்லிம் ஒற்றுமைக்காக மகாத்மா காந்தி டில்லியில் 21 நாள் உண்ணாவிரதம் இருந்தார். அக்டோபர் 8-ஆம் தேதி விரதம் முடிந்த வேளையில் ஸி. எப். ஆண்ட்ரூஸ் பாடியது, ஐசக் வாட்ஸ் 1707-இல் வெளியிட்ட சிலுவைக் கீதம். வாட்ஸ் என்பவர், மயிலாடிக்குப் பாதிரியாரை அனுப்பிய அதே காங்கிரிகேஷனல் மரபைச் சேர்ந்தவர். அன்று அங்கே முஸ்லிம் பிரார்த்தனையும் உபநிஷதமும் வைஷ்ணவ கீதமும் சேர்ந்து ஒலித்தன. ஒருவருடைய நோன்பு எல்லோரையும் ஓரிடத்தில் கூட்டியது.

பெரிய வெள்ளி ஆராதனை முடிந்ததும், பல ஊர்களில் கோவில் முற்றத்தில் கஞ்சி வார்ப்பார்கள். கஞ்சியும் பயறும், வேறு பதார்த்தம் இல்லை. பலா இலையைக் கோட்டிக் கரண்டியாக்கிக் குடிப்பது பழைய வழக்கம். அன்று கஞ்சிக்கு வந்தவர் யார், எந்த மதம் என்று விசாரிப்பதில்லை.

சுவரும் பந்தியும்

இப்படிச் சொல்வதால் சபைக்குள் குறையே இல்லை என்று நேயர்கள் எண்ணவேண்டாம். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டித் திருநெல்வேலிச் சீமையில் உள்ள வடக்கன்குளத்தில், மேல்சாதியாருக்கும் மற்றவர்களுக்கும் தனித்தனிப் பகுதிகளாக ஒரு கோவிலைக் கட்டினார்கள். இரண்டு கால்போலப் பிரிந்து நின்ற அதைக் கால்சட்டைக் கோவில் என்று ஊரார் கேலி செய்தார்கள். நடுவே நின்ற தடுப்புச் சுவரை 1910-இல் குருக்கள் இடித்தார்கள். மேல்சாதியார் வழக்காடினார்கள். சென்னை ஹைக்கோர்ட்டு வரை சென்று தோற்றார்கள்.

அதே வடக்கன்குளத்தில் 1745-இல் ஞானஸ்நானம் பெற்றவர்தாம் நட்டாலத்து நீலகண்ட பிள்ளை என்ற தேவசகாயம். 1752-ஆம் வருஷம் ஜனவரி 14-ஆம் தேதி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-இல் ரோமாபுரியில் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கியபோது, 'பிள்ளை' என்ற சாதிப் பெயரைத் திருச்சபை நீக்கிவிட்டது. தவக்காலத்தில் காற்றாடிமலையில் சிலுவைப் பாதை தியானம் செய்வோர் இன்று வேண்டுவது வெறும் தேவசகாயத்தை.

பெயரிலிருந்து சாதியை நீக்குவது ஒரு நாள் வேலை. கல்யாணத்திலிருந்தும் சபைத் தேர்தலிலிருந்தும் கல்லறைத் தோட்டத்திலிருந்தும் நீக்குவது அப்படியல்ல. தமிழ்நாட்டில் இறந்தவர்களைக்கூடச் சாதி பார்த்துப் புதைக்கும் சபைகள் இருந்ததை மறைக்க முடியாது. நாற்பது நாள் இறைச்சியை விட்டவர் அந்த நினைவை விடவில்லை என்றால் அவர் விட்டது மிகச் சொற்பமே. இது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் சொல்லும் புத்தியன்று. விரதம் இருக்கும் நம் எல்லோருக்கும் பொருந்தும்.

ஈஸ்டர்

சனிக்கிழமை நள்ளிரவில் கத்தோலிக்கக் கோவில்களில் விளக்குகளை அணைத்து, வாசலில் புது நெருப்பு மூட்டி, பெரிய திரியை ஏற்றுகிறார்கள். அதிலிருந்து கைக்குக் கை மாறி நூற்றுக்கணக்கான திரிகள் எரிகின்றன. சீர்திருத்த சபையார் கோழி கூவும் வேளையில் ஆலயமணி அடித்துக் கூடுகிறார்கள். கல்லறை வெறுமையாயிருந்தது என்பதே அன்றைய செய்தி.

கடற்கரையில் இந்தச் செய்தி நேராக நெஞ்சில் தைக்கிறது. 2004 டிசம்பர் 26-இல் குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் ஆழிப்பேரலை உயிர்களை வாரிக்கொண்டு போன பிறகு, 2005 மார்ச் 27-இல் ஈஸ்டர் வந்தது. 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் வீசிய நான்கு மாதங்களில், 2018 ஏப்ரல் 1-இல் ஈஸ்டர் வந்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கத்து மீனவர்கள் பலருடைய உடல்கூடக் கரை சேரவில்லை. கல்லறை வெறுமையாயிருந்தது என்று கேட்ட பெண்களில் சிலருக்கு, சென்று பார்க்கக் கல்லறையே இல்லை. அவர்களுக்கு நம்பிக்கை என்பது பிரசங்கத்தில் கேட்கும் சொல்லாக மட்டும் இருக்க முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ளவும், மறுநாள் அடுப்பில் உலை கொதிக்கிறதா என்று வந்து பார்க்கவும் ஒரு சபை வேண்டும். பிடி அரிசிக் கலயத்துக்கு உண்மையான வேலை அப்போதுதான்.

அடுத்த வருஷம் மாசி மாதத்தில் பக்கத்து வீட்டார் நோன்பு தொடங்கும்போது நாமும் விசாரிப்போம். பெரிய வெள்ளிக் கஞ்சிக்கு அழைத்தால் போய் உட்காருவோம்.