பொய்ம்மீனைப் புதுக்குதல்

புழுவுக்கு மாறாக, மீன் வடிவிற் செய்த பொய்யிரையைத் தூண்டிலிற் கட்டி மீன் பிடிப்பாரும் உளர். பின்லாந்து நாட்டு மீனவராகிய லௌரி ரப்பாலா என்பார், தள்ளாடி நீந்தும் சிறுமீனையே பெருமீன்கள் விரைந்து பற்றுதலைக் கண்டார். 1936-ஆம் ஆண்டில் தக்கையைச் செதுக்கிப் பொய்ம்மீன் ஒன்று செய்தார். சாக்லேட்டு சுற்றிய ஈயத்தாளை அதற்குப் போர்த்தினார். பழைய புகைப்படச் சுருளை உருக்கிப் பூசி, நீர் புகாது காத்தார்.

இத்தகைய பொய்ம்மீன், மீன்களின் பல் பட்டும் பாறையில் உராய்ந்தும் நாளடைவில் தேயும். பூச்சு உரிந்த இடத்தில் நீர் புகுந்தால் மரவுடல் ஊறிக் கனக்கும். துருவேறிய முள் முறியும். ஆயினும் அதனை எறிந்துவிட வேண்டுவதில்லை. முதலில் முட்களைக் கழற்றி, உடலை நிழலில் நன்கு உலர்த்துதல் வேண்டும். ஈரம் உள்ளிருக்கப் பூசினால் பூச்சு மீண்டும் உரியும். உலர்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்து, பிளவுகளைப் பசையால் அடைத்து, வண்ணமும் அதன்மேல் வார்னீசும் பூசுவர். இறுதியிற் பழைய முள்ளின் எடையை ஒத்த புதுமுள்ளைப் பூட்டுவர். எடை மிகுந்தால், பெருமீனை ஈர்க்கும் அத்தள்ளாட்டம் கெடும்.

நிறம் புதிதாகி நடை கெடுமாயின் என்ன பயன்? பழையதைச் செப்பனிடுவோர் அதன் அழகை மட்டுமன்று, தொழிலையும் காத்தல் வேண்டும்.