நம்மவர் கடையும் நாணயத் தராசும்

"நம்மவர் கடை! இங்கே வாங்காமல் வேறெங்கே வாங்குவது?" என்று கேட்டுக்கொண்டு வருவோர் உண்டு. வரட்டும், மகிழ்ச்சி! ஒரு நாள் வருவார்கள், இரண்டு நாள் வருவார்கள். பருப்பிலே கல்லும், எடையிலே குறையும், பதிலிலே சலிப்பும் கண்டால், மூன்றாம் நாள் எதிர்ச்சாரிக் கடைக்குத்தான் போவார்கள். போகிறவரை ஏசிப் பயனில்லை. பாசம் வாடிக்கைக்காரரை வாசல்வரை அழைத்து வரும். மறுபடி வரவழைப்பது தராசுதான்!

சிறு கடை நடத்தும் தோழர்கள் நம்மிலே ஏராளம். டீக்கடை, மளிகைக்கடை, சைக்கிள் கடை, தையற்கடை. முதலாளியும் அவரே, கணக்கப்பிள்ளையும் அவரே, மூட்டை தூக்குபவரும் அவரே! அவர்களுக்காக ஒரு வரலாற்றைச் சொல்ல விரும்புகிறோம். கோட்டை கட்டிய கொற்றவன் வரலாறு அல்ல. கடை கட்டிய கூலிக்காரர் வரலாறு.

இங்கிலாந்து நாட்டிலே, மான்செஸ்டருக்கு அருகே, ராச்டேல் என்று ஓர் ஆலை நகரம். கம்பளித் துணி நெய்வோர் நிறைந்த ஊர். உலகத்துக்கு ஆடை தந்தவர் வீட்டிலே உலை கொதிக்கவில்லை. கூலி உயர்வு கேட்டார்கள்; கிடைக்கவில்லை. வாங்கிய கூலியாவது முழுதாக உதவிற்றா? அதுவும் இல்லை! கடைக்காரன் மாவிலே கலப்படம் செய்தான், ரொட்டியிலே படிகாரம் சேர்த்தான், எடையிலே கை வைத்தான். ஏன் என்று கேட்க முடியுமா? கடன் நோட்டிலே பெயர் இருக்கிறதே! கடன்பட்டவன் வாய் திறந்தால் அடுத்த வாரம் அடுப்பு எரியாது. நோட்டுப் புத்தகமே விலங்காயிற்று.

அழுதார்களா? அழுதுவிட்டு உட்கார்ந்திருந்தால் இன்று அவர்களைப் பற்றி நாம் எழுத வேண்டியதில்லை. 28 பேர் கூடினார்கள். வாரம் இரண்டு பென்னி, மூன்று பென்னி என்று சேர்த்து, ஆளுக்கு ஒரு பவுன் பங்காக 28 பவுன் திரட்டினார்கள். டோட் சந்திலே ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தை வாடகைக்குப் பிடித்தார்கள். 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள் கடை திறந்தார்கள்.

சரக்கு என்ன? 28 இராத்தல் வெண்ணெய், 56 இராத்தல் சர்க்கரை, கொஞ்சம் கோதுமை மாவு, ஓட்ஸ் மாவு, சில மெழுகுவத்திகள். அவ்வளவுதான்! "ஒரு கைவண்டி போதும், கடையையே அள்ளிக்கொண்டு போய்விடலாம்" என்று வணிகர்கள் நையாண்டி செய்தனர். ஆலைச் சிறுவர்கள் வாசலிலே கூடிக் கூச்சலிட்டனர். கூச்சலுக்குப் பதில் கூச்சல் இல்லை. கலப்படமற்ற சரக்கு, குறையாத எடை, இவையே பதில்!

உழைத்த முறையைப் பாருங்கள். பகலெல்லாம் பிழைப்புக்கு வேறு வேலை. ஆகவே, முதலிலே வாரத்தில் சில மாலைகளில் மட்டுமே கடை. நிறுத்துக் கொடுக்க ஒருவர், காசு வாங்க ஒருவர். சாமுவேல் ஆஷ்வொர்த் விற்பனையைக் கவனித்தார், வில்லியம் கூப்பர் காசாளராக இருந்தார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உறுப்பினர் முன்னே கணக்கு விரிக்கப்பட்டது. கணக்கை மறைக்கிற கடையிலே களவு புகும். கணக்கைக் காட்டுகிற கடையிலே நம்பிக்கை புகும்.

கடன் கிடையாது, ரொக்கத்துக்கே விற்பனை. விற்ற காசு உடனே கைக்கு வந்தது, மறுபடி சரக்காயிற்று. சிறு முதல் வைத்திருப்பவனுக்கு இதுதான் உயிர்நாடி. சரக்கும் தேங்கி, கடனும் தேங்கினால், 28 பவுன் என்ன, 2,800 பவுனும் கரைந்து போகும்!

"கடன் அன்பை முறிக்கும்" என்று நம் ஊர்க் கடைகளிலே பலகை தொங்குகிறது. நியாயமான ஒரு கேள்வி எழும்: வேலையில்லாத நாளிலே கடன் தராத கடை, ஏழைக்கு எப்படி நண்பனாகும்? ராச்டேல் நெசவாளர் அதற்கும் விடை வைத்திருந்தனர். மிச்சமான இலாபத்தை, யார் எவ்வளவு வாங்கினாரோ அந்த அளவுக்கு அவரவர்க்கே பிரித்துத் தந்தனர். அதைக் கையிலே வாங்காமல் கடையிலேயே சேர்த்து வைக்கலாம். மாவு வாங்க வாங்கச் சேமிப்பு வளர்ந்தது. கெட்ட நாள் வந்தபோது கடன் கேட்டுக் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. சொந்தக் காசை எடுத்துக்கொள்ளலாம்! பங்கு எத்தனை இருந்தாலும் ஆளுக்கு ஒரே வாக்கு. பெண்களும் உறுப்பினர். மாடியிலே படிப்பகமும் வந்தது; இலாபத்திலே நூற்றுக்கு இரண்டரை கல்விக்கு ஒதுக்கப்பட்டது.

பலன்? மறு ஆண்டே 28 பேர் 74 பேராயினர். 1850-இல் 600 பேர். உணவுக் கலப்படத்தைத் தடுக்க இங்கிலாந்து நாடாளுமன்றம் சட்டம் செய்தது 1860-இலே. சட்டம் விழிப்பதற்கு 16 ஆண்டு முன்னரே அந்த எளியவரின் தராசு விழித்துக்கொண்டது! 1904-இல் சென்னைத் திருவல்லிக்கேணியிலே தொடங்கிய நகரக் கூட்டுறவுச் சங்கம் அந்தச் சந்துக் கடையின் வழியிலே வந்ததுதான். அந்தக் கட்டடம் இன்று அருங்காட்சியகமாக நிற்கிறது.

இன்று மின்தராசு வந்துவிட்டது. காசு கைப்பேசி வழியே வருகிறது. ஆனால் தராசுத் தட்டிலே பொருளை வைப்பது இன்றும் மனிதனின் கைதான். "நாளைக்கு வா" என்று சொல்வது மனிதனின் வாய்தான். ஒரு கூலித் தோழரை நாளைக்கு வா என்றால், அவருடைய அரைநாள் கூலியைப் பறிக்கிறோம் என்று பொருள். தைத்து முடிக்க முடியாத சட்டைக்கு நாள் குறிக்காதே. தெரியாத பழுதைத் தெரியும் என்று பிரித்துப் போடாதே. சொன்ன நாளிலே கொடு. சொன்ன விலையிலே கொடு.

ஏழைக்கு எதைக் கொடுத்தாலும் போதும் என்பது ஏய்ப்பவன் நினைப்பு. ஏழையின் காசு வியர்வையிலே விளைந்தது. அதற்கு முழு எடை தருவது தருமமல்ல, கடமை! நம்மவர் என்று வருகிறவர்க்கு நல்ல சரக்குத் தராத கடை, பெயரளவிலேதான் நம்மவர் கடை.

தோழர்களே! நாளைக் காலை கடை திறக்கும்போது, பெயர்ப்பலகையைத் துடைக்குமுன் தராசைத் துடையுங்கள்!