மூழ்கும் மோட்டார் குழி: ஐப்பசிக்கு முன்னே பார்க்க வேண்டிய வேலை

ஐப்பசியில் அடைமழை பிடித்தால் காவிரி டெல்டாவில் வயலைப் பார்க்க ஓடுபவர்கள் பாதி, மோட்டார் குழியைப் பார்க்க ஓடுபவர்கள் மீதி. ஃபில்டர் பாயின்ட் போட்ட இடங்களில் நிலத்தடி நீர் இறங்க இறங்க, மோட்டாரையும் குழி வெட்டிக் கீழே இறக்கியவர்கள் பலர். கோடையில் தண்ணீர் தந்த அதே குழி, கார்த்திகையில் தொட்டியாக மாறிவிடுகிறது. ஒரு ராத்திரி மூழ்கினால் போதும், காயில் கட்டுகிற செலவு வந்து நிற்கும். ஈரம் ஏறிய பேரிங்கும் சேர்ந்து போகும்.

‘குழியில தண்ணி நிக்குது, என்ன பம்ப் வாங்கலாம்?’ என்றுதான் கடையில் கேட்கிறார்கள். அதற்கு முன்னால், அது எந்தத் தண்ணீர் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

மழை விட்டு நான்கைந்து நாள் கழித்துக் குழியை இறைத்துவிட்டுப் பார்க்கலாம். மறுநாளும் காய்ந்தே கிடந்தால் வந்தது மேல்தண்ணீர்தான். குழியைச் சுற்றித் தரைக்கு மேல் ஒன்றரை அடிச் சுவர், நாலு பக்கமும் வெளியே நீட்டிய கூரை, மண்ணை வெளிப்பக்கம் சரித்துவிடுதல், இந்த மூன்றும் செய்தால் பம்ப்பே வேண்டாம். இறைத்த பிறகும் தரையிலிருந்தோ சுவர் இடுக்கிலிருந்தோ ஊறிக்கொண்டே இருந்தால், நிலத்தடி நீர் மட்டம் குழியின் தளத்துக்கு மேலே வந்துவிட்டது என்று பொருள். சம்ப் பம்ப் இதற்குத்தான்.

ஊற்றை அளப்பது சுலபம். குழியை வடித்துவிட்டு, சுவரில் கரிக்கோடு போட்டு, பத்து நிமிடத்தில் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். 8 அடிக்கு 8 அடிக் குழியில் 2 அங்குலம் ஏறினால், வந்த தண்ணீர் சுமார் 300 லிட்டர். அதாவது நிமிடத்துக்கு 30 லிட்டர். பம்ப் இதைப்போல மூன்று மடங்காவது தள்ள வேண்டும். கடையில் ‘அரை ஹெச்.பி.’ என்று மட்டும் கேட்டு வாங்கக் கூடாது. குழியின் ஆழத்தோடு, வெளியே குழாய் ஏறும் உயரத்தையும் சேர்த்து, அந்த உயரத்தில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தள்ளும் என்று பெட்டியில் உள்ள அட்டவணையைப் பார்த்து வாங்க வேண்டும். பெயர்ப்பலகையில் பெரிதாகப் போட்டிருக்கும் லிட்டர் கணக்கு, பெரும்பாலும் உயரமே இல்லாதபோது வருவது. சேறு கலந்த தண்ணீருக்கென்று உள்ள வடிகால் பம்ப்பாக இருக்கட்டும். சிங்கிள் பேஸில் ஓடுவதாக இருந்தால், மும்முனை மின்சாரம் இல்லாத நேரத்திலும் கைகொடுக்கும். விவசாய இணைப்பில் கூடுதலாக ஒரு மோட்டார் போடும் முன், மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது பின்னால் வரும் வம்பைத் தவிர்க்கும்.

உறை இறக்குவது

பம்ப்பைக் குழியின் தரையிலேயே வைப்பவர்கள்தான் அதிகம். தண்ணீர் முக்கால் அடி நின்ற பிறகே அது இழுக்கத் தொடங்கும். அதற்குள் பெரிய மோட்டாரின் அடிக்கட்டை நனைந்துவிடும். ஆகவே குழிக்குள் ஒரு குழி வேண்டும். மோட்டாருக்கு எதிர் மூலையில், 3 அடி விட்டமுள்ள சிமென்ட் உறை இரண்டை இறக்கினால் போதும். உறையின் பக்கங்களில் துளை போட்டு, வெளியே முக்கால் அங்குல ஜல்லியும், ஜல்லிக்கு வெளியே ஆற்று மணலும் நிரப்ப வேண்டும். ஜல்லி இல்லாமல் உறையை மட்டும் இறக்கினால் தண்ணீரோடு மணலும் வரும். மணல் வெளியேறினால் பம்ப் தேய்வது இருக்கட்டும், குழியின் சுவருக்கு அடியில் பொந்து விழும். வெளியே வரும் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து வைத்துப் பார்த்தால், அடியில் மணல் தங்குகிறதா என்று தெரிந்துவிடும்.

3 அடி உறையில் ஒரு அடி உயரத் தண்ணீர் என்பது சுமார் 200 லிட்டர். நிமிடத்துக்கு 30 லிட்டர் ஊறும் இடத்தில் அது நிரம்ப ஆறேழு நிமிடம் ஆகும். சிறிய வாளி அளவுக்குப் பள்ளம் தோண்டி வைத்தால், பம்ப் நிமிடத்துக்கு ஒருமுறை ஓடி நின்று, ஓடி நின்று, ஒரே மழைக்காலத்தில் சுருண்டுவிடும்.

தரைக்கு முழுக்க சிமென்ட் போட்டு அடைத்துவிட்டால் ஊற்று நின்றுவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். வெளியே நீர்மட்டம் குழித்தளத்தைவிட 3 அடி மேலே இருந்தால், தளத்தை அடியிலிருந்து சதுர அடிக்கு சுமார் 85 கிலோ அளவுக்குத் தண்ணீர் தூக்குகிறது. 6 அங்குலக் கான்கிரீட்டின் எடையோ சதுர அடிக்கு 34 கிலோதான். வெறும் குழியை அடைத்து, உள்ளே வடித்தும் வைத்தால், தளம் நடுவில் பொங்கி வெடிப்பது இதனால்தான். தளத்துக்கு அடியில் ஜல்லி பரப்பி, அந்த நீர் உறைக்குள் வர வழிவிடுவதே சரி.

பம்ப்பை உறையின் அடிச் சேற்றில் வைக்காமல் இரண்டு செங்கல் மேல் உட்கார வைக்க வேண்டும். தூக்கி இறக்க நைலான் கயிறு தனியாகக் கட்டியிருக்க வேண்டும். ஒயரைப் பிடித்துத் தூக்கினால், ஒயர் நுழையும் இடத்தில் இருக்கும் ரப்பர் தளர்ந்து தண்ணீர் உள்ளே இறங்கும். மிதவை சுவிட்ச் சுவரிலோ குழாயிலோ இடிக்காமல் ஏறி இறங்க இடம் இருக்கிறதா என்று கையால் தூக்கிப் பார்ப்பது அவசியம். இந்தப் பம்ப்புகள் நின்றுபோவதற்கு, மிதவை எங்காவது சிக்கிக்கொள்வது முக்கியமான காரணம்.

வெளியேறும் குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு போட வேண்டும். இல்லாவிட்டால் பம்ப் நின்றதும் குழாயில் உள்ள தண்ணீர் அத்தனையும் திரும்ப உறைக்குள் விழும். வால்வுக்கும் பம்ப்புக்கும் நடுவே, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, 3 மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டுவிட்டால், உள்ளே காற்று அடைத்துக்கொண்டு பம்ப் வெறுமனே சுற்றுவது தவிரும். அதிலிருந்து கொஞ்சம் தண்ணீர் பீய்ச்சும், அது கோளாறு அல்ல.

குழாயின் மறுமுனையைக் குழிக்குப் பக்கத்திலேயே விட்டுவிட்டு, ‘எவ்வளவு இறைத்தாலும் வற்றவில்லை’ என்று சலித்துக்கொள்வதும் நடக்கிறது. இறைத்த தண்ணீரே மண்ணுக்குள் இறங்கித் திரும்ப வருகிறது. வடிகால் வாய்க்கால் வரை குழாயைக் கொண்டுபோக வேண்டும். சம்பா நேரத்தில் வாய்க்கால் நிரம்பி நிற்கும் என்பதால், முனை வாய்க்கால் மட்டத்துக்கு மேலே இருக்கட்டும்.

உயிர் சம்பந்தப்பட்டது

ஸ்டார்ட்டர், சுவிட்ச், பிளக் எதுவும் குழிக்குள் இருக்கக் கூடாது. தரைக்கு மேலே, நெஞ்சு உயரத்தில், நனையாத இடத்தில் இருக்க வேண்டும். சிறிய பம்ப்புக்குத் தனியாக 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட வேண்டும். நல்ல எர்த்தும் வேண்டும். ஒயரில் ஒட்டுப் போட்டு டேப் சுற்றியது தண்ணீருக்குள் இருக்கவே கூடாது.

தண்ணீர் நிற்கும் குழியில் இறங்கும் முன் மெயினை அணைத்து, ஃபியூஸ் கட்டையைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். ‘கரண்ட் இல்லையே’ என்று இறங்கியவர் கீழே இருக்கும்போதே கரண்ட் வரும். ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்ட இடத்தில் பெரிய மோட்டாரும் தானாக எடுத்துக்கொள்ளும்.

கரண்ட் இல்லாத ராத்திரிக்கு டீசல் இன்ஜினை வாடகைக்கு எடுத்தால், அதை மேலே வைத்து உறிஞ்சு குழாயை மட்டும் உள்ளே விட வேண்டும். இன்ஜினைக் குழிக்குள் இறக்கி ஓட்டினால் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு அங்கேயே தங்கும். அதற்கு வாசனை கிடையாது. மயங்கியவரைத் தூக்க இறங்கியவரும் மயங்கி விழுவார். வீட்டு இன்வெர்ட்டரை நம்புவதும் பலிக்காது. அரை ஹெச்.பி. மோட்டார் கிளம்பும் நொடியில் இழுக்கும் மின்சாரம், ஓடும்போது இழுப்பதைப்போலப் பல மடங்கு.

பராமரிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை, நாள் தவறாமல் செய்வதுதான் கஷ்டம். கோடை முழுக்க ஓடாமல் கிடந்த பம்ப் துருப்பிடித்து இறுகியிருக்கும். போட்டால் ‘உம்’ என்று மட்டும் சத்தம் வரும். அந்த நிமிடமே அணைக்காவிட்டால் காயில் கருகிவிடும். எனவே சித்திரையிலும் மாதம் ஒருமுறை போதுமான தண்ணீரை உறைக்குள் ஊற்றி, மிதவை எழும்பிப் பம்ப் தானாக ஓடி, தானாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். புரட்டாசிக்குள் ஒருமுறை மேலே தூக்கி, அடிச்சல்லடையைக் கழுவி, உறையின் சேற்றை வாரி, எலி கடித்த தடம் ஒயரில் உண்டா என்று பார்த்து, எலெக்ட்ரீஷியனிடம் மெக்கர் வைத்துச் சோதித்துக்கொள்ளலாம். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் அதைத் திரும்ப இறக்கக் கூடாது. குழியில் கால் வைக்கும் முன் டார்ச் அடித்துப் பார்ப்பதும் இதில் சேர்த்தி. ஈரக் குழிக்குத் தவளை வரும், தவளையைத் தேடிப் பாம்பு வரும்.

இத்தனை செய்தும், ஆண்டுதோறும் வாரக்கணக்கில் இரவும் பகலும் இறைக்க வேண்டியிருந்தால், பம்ப்பை மாற்றிப் பயனில்லை. மோட்டார் குழிக்குள் இறங்கியதே நீர்மட்டம் கீழே போனதால்தான். மேலே வைத்த மோட்டார் உறிஞ்சும் ஆழம் ஏட்டில் 33 அடி, நடைமுறையில் 20 அடியைத் தாண்டினால் திணறும். மழைக்காலத்தில் நீர்மட்டம் குழித்தளத்துக்கே வந்துவிடுகிறது. அப்போது மோட்டார் குழிக்குள் இருக்க வேண்டிய தேவையே இல்லை. ஓடும்போது இறங்கும் மட்டத்தையும் சேர்த்து 20 அடிக்குள் இருந்தால், தரைமட்டத்தில் இன்னொரு மேடை கட்டி, உறிஞ்சு குழாயில் ஒரு ஃபிளாஞ்ச் வைத்து, புரட்டாசியில் மோட்டாரை மேலே ஏற்றி, தை கழித்து இறக்கிக்கொள்ளலாம். செயின் பிளாக் ஒன்றும் இரண்டு ஆளும் இருந்தால் அரை நாள் வேலை.

உள்ளே ஊறும் நீர் அளவாக இருப்பவர்களுக்குச் சம்ப் பம்ப் போதும். அதற்கு உறை இறக்குவதானால், நீர்மட்டம் அடியில் இருக்கும் வைகாசி, ஆனியில் வெட்டுவது சுலபம். ஐப்பசியில் வெட்டப் போனால், வெட்ட வெட்ட மண் சரிந்துகொண்டே இருக்கும்.