ஓடும் நீரால் யந்திரம் ஓட்டுதல்: அளவும் கணக்கும்

மலையடிவாரக் கிராமங்களில் வசிப்போர், ஓடை நீர் பாறைக்குப் பாறை தாவி விழுவதைத் தினந்தோறும் காண்கின்றனர். இந்நீரைக் கொண்டு மாவரைத்தல், நெல் குற்றுதல், எண்ணெய் ஆட்டுதல், விளக்கெரித்தல் முதலிய காரியங்களைச் செய்யலாகாதா என்னும் யோசனை கூட்டுறவுச் சங்கக் கூட்டங்களில் அவ்வப்போது எழுவதுண்டு. யோசனை நல்லதே. எரிபொருட் செலவு இல்லை; புகை இல்லை; இரவு பகல் என்ற வேற்றுமையும் நீருக்கு இல்லை. ஆயினும், ஓடையின் சக்தியை முன்னதாக அளந்தறியாமல் யந்திரம் வாங்கிய பின்பு, கோடையில் சக்கரம் நின்றுவிடுமாயின், நஷ்டம் அங்கத்தினர்களின் பங்குப் பணத்தின் மீதே விழும். ஆதலின், நீரின் சக்தி எதில் அடங்கியுள்ளது, அதை அளக்கும் முறை யாது, சங்கம் எதைக் கவனித்துத் தீர்மானித்தல் வேண்டும் என்பவை இங்கு விளக்கப்படுகின்றன.

நீரின் சக்தி எதில் உள்ளது

நீரின் சக்தி இரண்டு விஷயங்களைப் பொறுத்தது. ஒன்று, வினாடிக்கு எத்தனை கன அடி நீர் வருகின்றது என்பது. மற்றொன்று, அந்நீர் எத்தனை அடி உயரத்திலிருந்து விழுகின்றது என்பது. இவ்விரண்டையும் பெருக்கி வருவதே சக்தியின் அளவாகும். நீர் மிகுதியாயிருந்தும் வீழ்ச்சி இல்லாவிடில் பிரயோஜனம் சொற்பமே. வயல்வெளியில் மெதுவாகச் செல்லும் பெரிய வாய்க்காலைவிட, மலைச்சரிவில் இறங்கும் சிறிய ஓடை அதிக வேலை செய்யக்கூடும்.

ஒரு கன அடி நீரின் எடை ஏறக்குறைய 62½ ராத்தல், அதாவது சுமார் 28 கிலோ. 550 ராத்தல் எடையை ஒரு வினாடியில் ஓரடி உயரம் தூக்கும் சக்தி ஒரு குதிரைச் சக்தி எனப்படும். எனவே வினாடிக்கு ஒரு கன அடி நீர் 8.8 அடி உயரத்திலிருந்து விழுமாயின் அதில் ஒரு குதிரைச் சக்தி அடங்கியுள்ளது. அம்முழுச் சக்தியும் நமக்குக் கிட்டுவதில்லை. சிதறலிலும், சுழிப்பிலும், அச்சின் உராய்விலும் ஒரு பகுதி கழிந்துபோம்.

வீழ்ச்சியின் உயரம் எவ்வளவு முக்கியமானது என்பதை நீலகிரியிலுள்ள பைக்காரா மின்சார நிலையத்தால் அறியலாம். 1932-ம் வருஷத்தில் வேலை தொடங்கிய அந்நிலையத்தில் நீர் சுமார் 3,000 அடி உயரத்திலிருந்து குழாய் வழியே இறங்குமாறு ஏற்பாடு செய்யப்பட்டது. அவ்வுயரத்தில் வினாடிக்கு ஒரு கன அடி நீரில் மட்டும் 340 குதிரைச் சக்தி அடங்கியிருக்கும். கோயம்புத்தூரின் பஞ்சாலைகள் பெருகுவதற்கு அம்மின்சாரம் பெரிதும் உதவிற்று. காவேரியின் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியிலிருந்து கோலார் தங்கச் சுரங்கங்களுக்கு 1902-ம் வருஷத்திலேயே மின்சாரம் அனுப்பப்பட்டது. இவை பெரிய ஸ்தாபனங்கள். கிராமச் சங்கத்தின் கைக்கு எட்டக்கூடிய உதாரணத்தை இமயமலைப் பிரதேசத்தில் காணலாம்.

இமயமலைக் கிராமங்களின் நீர்த்திருகை

கட்வால், குமாவோன், ஹிமாசலம், காஷ்மீரம், நேபாளம் ஆகிய மலைப்பிரதேசங்களில் ஓடைக்கரை நெடுகிலும் தொன்றுதொட்டு நீர்த்திருகைகள் நடைபெற்று வந்திருக்கின்றன. கட்வாலில் இதற்குக் கராட் என்றும், நேபாளத்தில் கட்டா என்றும் பெயர். ஓடையிலிருந்து சிறு கால்வாய் வெட்டி, நீரைச் சரிவாக அமைத்த மரத்தொட்டியின் வழியே இறக்குவர். கீழே செங்குத்தாக நிற்கும் மரத்தண்டில் பலகைகள் சுற்றிலும் பொருத்தப்பட்டிருக்கும். நீர் அப்பலகைகளை மோத, தண்டு சுழலும். அத்தண்டின் மேல்முனையிலேயே திருகையின் மேற்கல் பொருத்தப்பட்டுள்ளது, அடிக்கல் அசையாது. பற்சக்கரமோ வாரோ இதற்கு வேண்டியதில்லை.

கல்லுக்கு மேல் தானியக் கூடை தொங்கும். அதனுடன் கட்டிய ஒரு குச்சி, சுழலும் கல்லின் மேல் உராய்ந்து அதிர்வதால் தானியம் சிறிது சிறிதாகக் கல்லின் கண்ணில் உதிரும். கல் விரைந்து சுழன்றால் தானியம் அதிகமாகவும், மெதுவாகச் சுழன்றால் குறைவாகவும் விழும். ஆளின் உதவியின்றியே அளவு சரிப்படும் இவ்வேற்பாடு வியக்கத்தக்கது. மாவு மென்மையாகவோ கொரகொரப்பாகவோ வேண்டுமாயின் தண்டைச் சற்றே உயர்த்தியும் தாழ்த்தியும் கொள்வர். அரைவைக் கூலி பெரும்பாலும் மாவாகவோ தானியமாகவோ அளிக்கப்பட்டது.

இதன் குறை யாதெனில், தட்டையான பலகையில் மோதும் நீர் சிதறிப் போவதால் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கே வேலைக்கு உதவுகின்றது. நேபாளத்தில் 1980-களிலிருந்து மரப்பலகைகளுக்குப் பதிலாகக் குழிந்த இரும்பு அலகுகளைப் பொருத்தித் திருகைகளைச் சீர்திருத்தி வந்தனர். கால்வாயும் கல்லும் கட்டிடமும் பழையனவே. மாற்றப்பட்டது சக்கரம் மட்டுமே. அதே நீரில் அரைவை ஏறக்குறைய இருமடங்காயிற்று. உள்ளதைச் சீர்திருத்துவது புதியதை வாங்குவதைவிடச் சிக்கனமானது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

சக்கரங்களும் டர்பைன்களும்

நிமிர்ந்து நிற்கும் சக்கரங்களில் இரண்டு வகை முக்கியமானவை. அடிப்பக்கம் ஓடும் நீர் பலகைகளைத் தள்ளுவதால் சுழல்வது ஒன்று. உச்சியில் விழும் நீர் தொட்டிகளில் நிரம்பி, தன் எடையினால் சக்கரத்தைக் கீழே இழுப்பது மற்றொன்று. 1759-ம் வருஷத்தில் ஜான் ஸ்மீட்டன் என்னும் ஆங்கில எஞ்சினீயர் சிறு மாதிரிச் சக்கரங்களைக் கொண்டு சோதனை செய்து, ஒரே அளவு நீருக்கும் வீழ்ச்சிக்கும் இரண்டாவது வகை, முதல் வகையைப் போல் இருமடங்கு வேலை செய்கின்றது என்று காட்டினார். மோதுகின்ற நீர் சுழித்துத் தன் சக்தியை இழக்கின்றது. தொட்டியில் தங்கிய நீரோ கீழே இறங்கும் வரையில் வேலை செய்கின்றது. ஆகவே எட்டு அல்லது பத்தடி வீழ்ச்சி கிடைக்குமிடத்தில் மேலிருந்து நீர் விழும் சக்கரமே உத்தமம். நன்றாக அமைந்தால் சக்தியில் ஐந்தில் மூன்று பங்கு கிட்டும்.

பெரிய சக்கரம் மெதுவாகச் சுழலும். திருகைக்கும் செக்குக்கும் அது பாதகமன்று. மின்சார யந்திரம் நிமிஷத்திற்கு நூற்றுக்கணக்கான சுற்றுக்கள் சுழல வேண்டியதாதலால், வேகத்தைக் கூட்டப் பற்சக்கரங்களும் வார்ப்பட்டைகளும் அவசியமாகின்றன. ஒவ்வொன்றிலும் சிறிது சக்தி விரயமாகும். விரைந்து சுழலும் டர்பைன் அவ்விடத்தில் அனுகூலமானது. மிக உயர்ந்த வீழ்ச்சிக்குக் கலிபோர்னியாவில் பெல்டன் என்பவர் அமைத்து 1880-ல் உரிமைப் பத்திரம் பெற்ற சக்கரமும், தாழ்ந்த வீழ்ச்சியும் மிகுந்த நீரும் உள்ள இடத்திற்கு ஆஸ்திரியாவைச் சேர்ந்த கப்லான் 1913-ல் வெளியிட்ட டர்பைனும் ஏற்றவை. நடுத்தர வீழ்ச்சிக்கு, நீர் அலகுகளினூடே இருமுறை பாய்ந்து செல்லும் குறுக்கோட்ட டர்பைன் உண்டு. இதை இரும்புத் தகடு வளைத்துப் பற்றவைக்கத் தெரிந்த சாதாரணத் தொழிற்கூடத்திலும் செய்யலாம். நேபாளத்தில் 1970-களிலிருந்து இத்தகைய டர்பைன் ஆலைகள் பல கிராமங்களில் ஏற்பட்டன. விவசாய அபிவிருத்தி பாங்கு அவற்றுக்குக் கடன் உதவிற்று. பகலில் மாவரைத்து, நெல் குற்றி, எண்ணெய் ஆட்டிய அதே டர்பைன் இரவில் விளக்குகளுக்கு மின்சாரம் அளித்தது. பகலும் இரவும் வேலையிருந்தமையால் கடனைத் தீர்ப்பதும் எளிதாயிற்று.

அளக்கும் முறை

வீழ்ச்சியை அளப்பதற்கு நீளமான ஒளிபுகும் ரப்பர்க் குழாயும், அடி அங்குலம் குறித்த இரண்டு கோல்களும் போதும். குழாயில் காற்றுக் குமிழி இல்லாமல் நீர் நிரப்பி, ஒருவர் மேட்டிலும் மற்றொருவர் பள்ளத்திலும் நின்று, இருமுனைகளையும் கோல்களோடு சேர்த்து நிமிர்த்திப் பிடித்தால், இரண்டு முனைகளிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அம்மட்டத்திலிருந்து தரை வரையுள்ள உயரங்களின் வித்தியாசமே அப்படியின் வீழ்ச்சி. இவ்விதம் படிப்படியாக இறங்கி எல்லா வித்தியாசங்களையும் கூட்டுதல் வேண்டும். கொத்தனாரின் ரசமட்டமும் நீண்ட நேரான சட்டமும் கொண்டும் இதைச் செய்யலாம்.

நீரளவை அறிவதற்கு, ஓடை நேராகவும் ஒரே சீராகவும் ஓடும் 30 அடி நீளத்தைத் தேர்ந்து இருபுறமும் கயிறு கட்டுக. அகலத்தையும், குறுக்கே பல இடங்களில் ஆழத்தையும் அளந்து சராசரி காண்க. பின்பு ஒரு மரத்துண்டை மேற்கயிற்றுக்குச் சற்று முன்னதாக மிதக்கவிட்டு, ஒரு கயிற்றிலிருந்து மறு கயிற்றை அடைய எத்தனை வினாடிகள் ஆகின்றன என்று பலமுறை பார்த்துச் சராசரி எடுக்க. அடிப்பக்க நீர் கல்லிலும் மணலிலும் உராய்ந்து தாமதிப்பதால், மேற்பரப்பின் வேகத்தில் பத்தில் எட்டுப் பங்கையே கணக்கில் கொள்ளுதல் வேண்டும்.

ஓர் உதாரணம்

ஓடையின் சராசரி அகலம் 4 அடி, ஆழம் 9 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். குறுக்குப் பரப்பு 3 சதுர அடி. மரத்துண்டு 30 அடியை 20 வினாடியில் கடந்தால் வேகம் வினாடிக்கு 1.5 அடி; பத்தில் எட்டுப் பங்கு 1.2 அடி. ஆகவே நீரளவு 3.6 கன அடி. வீழ்ச்சி 12 அடியாயின், இரண்டையும் பெருக்க 43.2 ஆகும். நல்ல சக்கரத்திற்கு இத்தொகையை 15-ஆல் வகுத்தால் கைக்குக் கிட்டும் குதிரைச் சக்தி தெரியும். இங்கு அது ஏறக்குறைய 3. பழைய மரப்பலகைத் திருகைக்கு 40-ஆல் வகுத்தல் வேண்டும். அப்போது ஒன்றுக்குச் சற்று மேல். சக்கரத்தின் 3 குதிரைச் சக்தியையும் மின்சாரமாக மாற்றினால், வழியில் ஏற்படும் நஷ்டம் போகச் சுமார் ஒன்றரைக் கிலோவாட் கிடைக்கலாம்.

மழைக்காலத்தில் எடுத்த அளவு இது. அதே ஓடையில் பங்குனி, சித்திரை மாதங்களில் நீர் மூன்றில் ஒரு பங்காகக் குறையுமாயின் அளவு 1.2 கன அடி. சக்தி ஒரு குதிரைச் சக்திக்கும் குறைவு. மூன்று குதிரைச் சக்தி யந்திரத்தை நம்பிக் கடன் வாங்கிய சங்கம், வருஷத்தில் பல மாதங்கள் யந்திரத்தைச் சும்மா வைத்துக்கொண்டு வட்டி செலுத்த நேரிடும். ஆதலின் மாதந்தோறும் ஒரு குறிப்பிட்ட நாளில் அளந்து, ஒரு வருஷக் கணக்கைச் சங்கப் புத்தகத்தில் பதிவு செய்தல் அவசியம். கோடைக்கால அளவே மூலதனக் கணக்குக்கு அஸ்திவாரமாகும். யந்திரம் விற்க வருபவர் எவ்வளவு சக்தி கிட்டும் என்று சொன்னபோதிலும், முதலில் அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி, "எந்த மாதத்து நீரைக் கொண்டு இக்கணக்கு?" என்பதேயாகும்.

பாசன உரிமை

சக்கரம் நீரைக் குடிப்பதில்லை. வீழ்ச்சியை மட்டும் பயன்படுத்தி நீரைத் திரும்ப ஓடையில் விடுகின்றது. இது உண்மையாயினும் முழு உண்மையன்று. நீரைத் திருப்பும் இடத்திற்கும் மீண்டும் ஓடையில் சேரும் இடத்திற்கும் நடுவே ஓடை வறண்டு போகும். அப்பகுதியில் ஒருவருடைய மடையோ, கால்நடைகள் நீர் அருந்தும் துறையோ இருந்தால் அவர்களுக்குக் கஷ்டம் நேரிடும். இரவில் நீரைத் தேக்கிப் பகலில் விடுவதும், முறை வைத்துப் பாய்ச்சும் கடைமடை விவசாயியின் முறையைக் கெடுக்கும். சங்கத்தின் லாபம் அவருடைய பயிரிலிருந்து எடுக்கப்பட்டதாக இருத்தலாகாது. எனவே மேல்மடை, கடைமடை விவசாயிகள் யாவரையும் கூட்டிப் பேசி, நடுப்பகுதியில் எப்பொழுதும் விட வேண்டிய நீரின் அளவையும், பாசன காலத்தில் யந்திரம் நிறுத்தப்பட வேண்டிய நாட்களையும் எழுத்து மூலம் தீர்மானித்துக்கொள்ளல் வேண்டும். ஆற்றிலோ பொது வாய்க்காலிலோ அணை போடுவதற்குச் சர்க்கார் அநுமதி பெறுதலும் இன்றியமையாதது.

சங்கம் தீர்மானிக்க வேண்டியவை

முதலாவது, கோடையிலும் கிட்டக்கூடிய சக்தி எவ்வளவு என்பது. இரண்டாவது, அச்சக்திக்கு ஏற்ற வேலை கிராமத்தில் வருஷம் முழுவதும் உண்டா என்பது. மூன்றாவது, மின்சாரக் கம்பி ஏற்கெனவே எட்டியுள்ள கிராமமாயின், சிறு மோட்டாரினும் நீர்ச்சக்கரம் சிக்கனமாகுமா என்பது. பல கிராமங்களில் இதற்கு விடை இல்லை என்பதாகவே இருக்கும். அதை அளந்தறிந்து பணத்தைச் செலவிடாமல் காத்துக்கொள்வதும் லாபமே. நான்காவது, பராமரிப்புக்கு யார் பொறுப்பு என்பது. கால்வாயின் வாயிலில் கம்பித் தட்டி வைத்துச் சருகையும் கல்லையும் தடுத்தல், மணல் படியச் சிறு தொட்டி அமைத்தல், வெள்ளக் காலத்தில் மதகை மூடுதல், அச்சுக்கு எண்ணெய் இடுதல் ஆகியவை தினசரிக் காரியங்கள். இவற்றைச் செய்யும் ஒருவருக்கு வருமானத்திலிருந்து ஊதியம் ஒதுக்கப்படாவிடில், எவ்வளவு நல்ல யந்திரமும் இரண்டொரு மழைக்காலத்தில் கெட்டுப்போம்.

மேற்கூறிய அளவுகளை எடுக்க ஒரு குழாயும், ஒரு கயிறும், ஒரு மரத்துண்டும், ஒரு கடிகாரமும் தவிர வேறு செலவில்லை. ஓடையோரக் கிராமத்துச் சங்கங்கள், பள்ளிக்கூடத்து உபாத்தியாயரையும் மேல்வகுப்பு மாணவர்களையும் துணைக்கொண்டு வரும் மாதத்திலேயே முதல் அளவை எடுத்துப் பதிவு செய்யத் தொடங்குதல் நலம். பன்னிரண்டு மாதக் கணக்குக் கையிலிருக்குமாயின், கடன் கேட்பதா வேண்டாமா என்பதை அங்கத்தினர்கள் பிறர் சொல்லை எதிர்பாராமல் தாங்களே தீர்மானிக்கலாம்.